மூன்று கட்டத்திலும் ஒரே எண்

அன்பு மகள் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். வழக்கமாக அடுத்த வரியில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருப்பேன், இந்தத் தடவை கேட்கக் கை வரவில்லை. நீ நன்றாக இல்லை என்று தெரியும், ஏன் என்பதும் உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன், போன தடவை அப்படித்தான் செய்தேன். இந்தக் கடிதம் எங்கள் மணல் ஷெட்டிலிருந்து உங்கள் கட்டுப்பாட்டு அறைக்கு வாரம் ஒரு தடவை வரும் தபால் பையில் வருகிறது, நீ இப்போது வீட்டில் இருப்பதால் அங்கிருந்து உடனே உன்னிடம் கொடுத்தனுப்பச் சொல்லி உறை மேல் எழுதியிருக்கிறேன். அதே பையில் உன் மேலதிகாரி பெயருக்கு இன்னொரு உறை இருக்கிறது, அதை எழுதியதும் நான்தான். அவர் அதைப் படித்துவிட்டு உன்னைக் கூப்பிடுவதற்குள் நீ இதைப் படித்து முடித்திருக்க வேண்டும். எங்கேயாவது உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்காதே.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்தாகிவிட்டது, இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை தனியாகப் போகிறாள், போய்விட்டு வந்து ஏதோ மலை ஏறி இறங்கிய மாதிரி எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்கிறாள். மாடிப்படிக்குக் கீழே சுவர் மறுபடியும் ஓதம் அடித்திருக்கிறது. அப்பாவின் ஸ்கூல் வேனுக்குப் பின்சக்கரம் இரண்டையும் மாற்றியாயிற்று. நீ அங்கே வேலைக்குப் போன புதிதில், செவ்வாய் கிரகத்தில் ஒரு நாள் நம் நாளைவிட நாற்பது நிமிடம் நீளம், நாங்கள் அந்த மணிக்குத்தான் வேலை பார்க்க வேண்டும் என்று சொன்னாய் அல்லவா, அதிலிருந்து உன் காலை எப்போது வரும் என்று காலண்டருக்குப் பின்பக்கம் அவர் பட்டியல் போட்டு வைத்திருந்தார். தினமும் ஒரு கோடு அடிப்பார். இன்னைக்கு உன் பொண்ணு மத்தியானம் ரெண்டு மணிக்குப் பல் தேய்ப்பா என்று என்னிடம் சத்தமாக அறிவிப்பார். வண்டியிலிருந்து சிக்னல் வரவில்லை என்று நீ சொன்ன அன்றோடு கோடு அடிப்பதை நிறுத்திவிட்டார். பட்டியலைக் கழற்றவும் இல்லை.

இனி ஷெட்டு விஷயம். உனக்குத் தெரிந்ததைத்தான் திருப்பிச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள், வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். செவ்வாயில் ஓடும் வண்டியைப் பெரியவள் என்றும் எங்கள் ஷெட்டில் நிற்கும் அதன் மறு அச்சைச் சின்னவள் என்றும் நாங்கள் கூப்பிடுவோம். அங்கே எடை குறைவு என்பதால் சின்னவளுக்கு உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் கூடாகத்தான் வைத்திருக்கிறோம், ஆறு சக்கரமும் மட்டும் அச்சு அசலாக அதே மாதிரி. பெரியவள் போக வேண்டிய வழியில் சந்தேகமான இடம் வந்தால் நீங்கள் அங்கிருந்து எழுதுவீர்கள், மணல் இத்தனை பொடி, சரிவு இத்தனை என்று. நானும் என்னோடு வேலை பார்க்கும் சல்லடை அக்காவும் அதற்கேற்ற மணலைச் சலித்து, சாய்க்கிற பெட்டியில் நிரப்பி, மட்டம் பார்த்துக் கொடுப்போம். இன்ஜினியர்கள் சின்னவளை அதில் ஓட்டி, சக்கரம் பத்துச் சுற்று சுற்றினால் வண்டி எவ்வளவு நகர்கிறது, எவ்வளவு நழுவுகிறது என்று பார்த்து உங்களுக்கு அனுப்புவார்கள். அதை நம்பி நீ வழி போடுவாய். அதாவது நான் அள்ளிக் கொட்டும் மணலின் மேல்தான் நீ வழி போடுகிறாய் என்று அப்பா பெருமையாக வேனில் வருகிற டீச்சர்களிடமெல்லாம் சொல்லுவார். எனக்குக் கூச்சமாக இருக்கும். உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருக்கும், அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

பெரியவள் கடக்க வேண்டிய அந்தப் பள்ளத்துக்கான மணல் கேட்டு உங்கள் கடிதம் வந்த வாரம், ஷெட்டில் தூசியை இழுத்து வெளியே தள்ளும் பெரிய ஃபேன் மோட்டார் கருகிப் போயிருந்தது. நாங்கள் மூன்று மனு போட்டோம். பதில் வரவில்லை. அக்காவின் நெஞ்சு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், நீ லீவில் வந்தபோது நீயே அவளுக்கு முகமூடி வாங்கிக் கொடுத்தாய். நாற்பது மூட்டை மணல், அதுவும் மாவு போன்ற பொடி, மறுநாள் காலைக்குள் பெட்டி நிரம்பியிருக்க வேண்டும். பத்தாவது மூட்டை அவிழ்க்கும்போதே அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூச்சு விடும்போது அவள் நெஞ்சுக்குள் காற்றுப் போன பந்து மாதிரி ஒரு சத்தம். எந்திரிச்சிக்கிறேன் இரு, நான் செத்தா இந்த மணலையே போட்டு மூடிடு, தனியா குழி தோண்டுற வேலை மிச்சம் என்று சிரித்தாள், சிரித்ததில் இன்னும் இருமினாள். கண்ணாடி துடைக்க வைத்திருக்கிற ஐந்து லிட்டர் தெளிப்பான் அங்கேயே மூலையில் இருந்தது. நான் அதில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, ஒவ்வொரு மூட்டை கொட்டியதும் மேலே பனி மாதிரி லேசாக அடித்தேன். தூசி உடனே அடங்கியது. அக்காவுக்கு மூச்சு வந்தது. முப்பது மூட்டைக்கு மூன்று தெளிப்பான் காலியானது. முடித்துவிட்டு, சூடு விளக்கு இரண்டையும் பெட்டிக்கு மேல் திருப்பிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். காலைக்குள் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை, அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

காலையில் மேல்மணல் பொரபொரவென்று காய்ந்திருந்தது. ஈரம் பார்க்கும் கம்பியை மேலே, நடுவில், அடியில் என்று மூன்று ஆழத்தில் குத்தி, படிவத்தில் மூன்று கட்டத்தில் மூன்று எண் எழுத வேண்டும், அதுதான் முறை. நான் மேலே குத்தினேன், பூஜ்யம் புள்ளி இரண்டு. நடுவில் குத்தப் போகும்போது இன்ஜினியர்கள் நாலு பேர் சின்னவளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள், முடிஞ்சிச்சா, முடிஞ்சிச்சா என்று ஒருவர் என் தலைக்கு மேலே நின்று கேட்டார். ஒரு நிமிஷம் சார் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், மூன்று சொல். என் வாயிலிருந்து வரவில்லை. நான் படிவத்தை வாங்கி மூன்று கட்டத்திலும் பூஜ்யம் புள்ளி இரண்டு, பூஜ்யம் புள்ளி இரண்டு, பூஜ்யம் புள்ளி இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றேன். சின்னவள் சரிவில் சிரமமே இல்லாமல் ஏறினாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்த எண்ணை வைத்துத்தான் நீ, கல் கிடக்கும் மேட்டைச் சுற்றிப் போகும் நாற்பது நாள் வழியை விட்டுவிட்டு, பள்ளத்தைக் குறுக்கே கடக்கும் நாலு நாள் வழியைப் போட்டாய். குளிர்காலம் வருவதற்குள் அந்த அடுக்குப் பாறைக்குப் போய்ச் சேர வேண்டும், அது பழைய ஏரியின் கரையாக இருந்தால் அதில் தண்ணீர் நின்ற தடம் இருக்கும் என்று எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். படம்கூட அனுப்பினாய், புத்தகத்தை அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. பாறைக்கு முப்பது அடி முன்னால் பெரியவள் புதைந்தாள்.

புதைந்த அன்று ஷெட்டில் எல்லோரையும் கூட்டி வைத்து எங்கள் பொறுப்பாளர், மணல்ல யாராச்சும் ஏதாச்சும் மாத்தம் பண்ணீங்களா, சும்மா சொல்லுங்க, யாரையும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல என்று கேட்டார். நான் கடைசி வரிசையில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உனக்குத் தெரியும், உன் அம்மா வகுப்பில் ஒரு தடவைகூடக் கை தூக்காதவள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள். நீ அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாய், நானும் சிரிப்பேன். அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. என் கை துடைப்பத்தை விடவில்லை. விளக்கு போட்டோமே, காய்ந்திருக்கும் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம், இதைக் கவனமாகப் படி. பெரியவளை எப்படி வெளியே எடுப்பது என்று சோதிக்க அதே பெட்டியைத்தான் வைத்துக்கொண்டார்கள், அந்தப் பள்ளத்துக்கென்றே சலித்த மணல் அதில் தயாராக இருந்ததே என்று. வேலை முடிந்ததும் அன்றாடம் தார்ப்பாய் போட்டு மூடுவது என் வேலை. மூடி மூடி உள்ளே இருந்த ஈரம் உள்ளேயே இருந்தது. அந்த ஈர மணலில் சின்னவளைப் புதைத்து, மெதுவாக முன்பக்கம் ஓட்டினால் பிடிமானம் கிடைத்து வெளியே வருகிறாள் என்று கண்டுபிடித்து உங்களுக்கு எழுதினார்கள். நீங்கள் அப்படியே கட்டளை அனுப்பினீர்கள். அங்கே உலர்ந்த மணல், பிடிமானம் ஏது. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு விரல் கட்டை ஆழமாகப் போனாள். அப்பா வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சுத்த சுத்தப் பள்ளந்தான் ஆகும், நிறுத்தச் சொல்லு, நம்ம வேன் மாட்டினா இறங்கித் தள்ள நாலு பேரு வருவான், அங்க யாரு இருக்கா என்று கத்தினார். நாலாவது நாள் சல்லடை அக்கா என்னைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, நாம தெளிச்சோமே, அத ஒரு வார்த்த சொல்லிடலாமா என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா குட்டி. அது அன்னைக்கே காஞ்சிருச்சுக்கா என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, சரி, நீ படிச்சவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று போய்விட்டாள்.

நாலாவது நாள் பெரியவளின் சக்கரம் பாதிதான் புதைந்திருந்தது. பதினோராவது நாள் வயிறு மணலில் தட்டிவிட்டது. தண்ணீர் தெளித்ததைக்கூட அக்காவின் மூச்சுக்காகச் செய்தேன் என்று சொல்லலாம், யாராவது ஒப்புக்கொள்வார்கள். நடுவில் போன அந்த ஏழு நாளுக்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

சூரிய ஒளித் தகட்டில் வெயில் படாமல், குளிர் இறங்கி, முப்பத்து நாலாம் நாள் சிக்னல் நின்றதும் பெட்டியைக் காலி செய்யச் சொன்னார்கள். நானும் அக்காவும் மண்வெட்டியால் அள்ளினோம். மேலே நாலு விரல் வரை மாவு. அதற்குக் கீழே மண்வெட்டி டொக்கென்று நின்றது. கையை விட்டுப் பார்த்தால் கட்டி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டியை எடுத்தேன், அதன் மேல்பக்கத்தில் சின்னவளின் சக்கரப் பல் பதிந்த வரி மூன்று, பிசைந்து அச்சில் எடுத்த மாதிரி. ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது, நம் வாளியின் விளிம்பில் பூக்குமே, அதே குழாய்த் தண்ணீர் உப்பு. செவ்வாயில் தண்ணீரை நேராகத் தேட மாட்டோம்மா, அது வத்திப் போகும்போது விட்டுட்டுப் போன உப்பத்தான் தேடுவோம், உப்பு இருந்தா அங்க தண்ணி இருந்துச்சுன்னு அர்த்தம் என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். நீ சொல்லிக் கொடுத்ததை வைத்துத்தான் நான் அதைப் படித்தேன். நீங்கள் எல்லோரும் அத்தனை கோடி மைல் தள்ளித் தேடியது என் கையில் இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு மண்வெட்டியைக் கீழே வைத்தாள். நான் அதைத் துணியில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதற்குப் பிறகும் நாலு நாள் பேசாமல் இருந்தேன்.

அப்போதுதான் நீ போன் செய்தாய். விசாரணை ஆரம்பித்துவிட்டது, வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்றாய். நான்தாம்மா கொன்னுட்டேன், படத்துல மேல தெரிஞ்ச மணல் அலைய மட்டும் பாத்துட்டு ஆழத்தத் தப்பா எடை போட்டுட்டேன், எனக்கு இந்த வேலையே வேண்டாம்மா, எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன் என்று அழுதாய். அதுகூட என்னால் தாங்க முடிந்தது. அதற்கப்புறம் ஒன்று சொன்னாய். ஷெட்டு மேல தப்பு இருக்குமான்னு என்னக் கேட்டாங்கம்மா, வாய்ப்பே இல்ல, அந்த மணல நிரப்பறது எங்கம்மான்னு சொல்லிட்டேன் என்றாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். போனை வைத்த பிறகு சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருக்க, அதன் முன்னால் வெறுமனே நின்றேன். அப்பா வந்து அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்துல ஒண்ணுமே இல்லையே, எதக் காய்ச்சற என்று கேட்டார். அவரிடம் டின்னைத் திறந்து காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கட்டியை எடுத்துப் பார்த்தார், வரியைத் தடவினார், திருப்பி வைத்தார். பிறகு, நாளைக்குப் பிள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுட்டு வந்து உன்னக் கூட்டிட்டுப் போறேன், உள்ள நீதான் போகணும், நான் வாசல்ல வேன்லயே இருக்கேன், எவ்வளவு நேரம் ஆனாலும் இருக்கேன் என்றார்.

முந்தாநாள் போனேன். பொறுப்பாளரின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து டின்னை மேஜை மேல் வைத்தேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன், அதைப் பார்த்துத்தான் படித்தேன். அவர் கெட்டவர் இல்லை. கட்டியைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பாறைக்காக அவர் ஒன்பது வருஷம் காத்திருந்தவர். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, பாருங்கம்மா, இத இப்படியே எழுதினா உங்க வேலையும் போகும், கேஸும் ஆகும், நான் ஒண்ணு சொல்றேன், நீங்க படிக்காதவங்க, ஈரம்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது, தூசிக்குத் தண்ணி தெளிச்சீங்க, மூணு கட்டம் எதுக்குன்னும் தெரியாது, யாரோ சொன்னபடி எழுதினீங்க, அப்படின்னு எழுதிடுவோம், படிக்காதவங்க மேல யாரும் கை வைக்க மாட்டாங்க என்றார். எவ்வளவு பரிவாகச் சொன்னார் தெரியுமா. நான் தலையை ஆட்டிவிடுவேன் என்றுதான் எனக்கே தோன்றியது. அப்படி எழுதினா வழி போட்டவங்களுக்கு என்ன ஆகும் சார் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடித் திறந்தார். படிக்காத ஆள் எழுதின எண்ண ஏன் சரிபாக்கலன்னு அவங்களக் கேப்பாங்க, அது வேற விஷயம் என்றார். அந்த வழி போட்டது என் மகள் என்று அவருக்குத் தெரியும். உங்க பொண்ணாவது படிச்சு மேல வந்துச்சு, அது சின்ன வயசு, சமாளிச்சுக்கும் என்றும் சொன்னார்.

குட்டி, நான் இந்த ஷெட்டில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். சேரும்போது பள்ளிப் படிப்பு இருந்தால் போதும் என்று படிவத்தில் இருந்தது, நான் பள்ளிப் படிப்பை மட்டும் எழுதினேன். நீ அதற்காக என்னோடு மூன்று நாள் பேசாமல் இருந்தாய். நீ பாடம் எழுதிக்கொண்டிருந்த அதே மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்து, தபால் வழியாக நாலு வருஷம் படித்து வாங்கிய பட்டம். நம் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் முதல் பட்டம். ஷெட்டில் சேர்வதற்கு முன்னால் இரண்டு பள்ளிக்கூடத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போய் வாய் திறக்காமல் திரும்பி வந்தது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் சான்றிதழ் பீரோவில் துணிக்கு அடியில் போய்விட்டது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன், அதுவும் அவள் எப்படி இந்த மீட்டரு உனக்குப் புரியுது என்று துளைத்ததால். சொல்லாமல் இருப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. தெரியாதவள் என்று ஒரு மூலை கிடைத்தால் அதில் நின்றுகொள்ளலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த மூலையைத்தான் அவர் எனக்கு மறுபடி காட்டினார். அதில் நான் போய் நின்றால் என் இடத்தில் நீ நிற்க வேண்டும்.

நான் இயற்பியல் பட்டதாரி சார், ஈரம் இருந்தா மணல் பிடிக்கும்னு எனக்குத் தெரியும், மூணு கட்டம் எதுக்குன்னும் தெரியும், தெரிஞ்சுதான் எழுதினேன் என்று சொன்னேன். தாளைப் பார்க்காமல் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒன்பது வருஷமாக டீ டம்ளர் எடுத்துக்கொண்டு போனவளை முதல் தடவையாகப் பார்க்கிற பார்வை. கோபம் அதற்கப்புறம்தான் வந்தது. அப்படின்னா முதல் நாளே தெரியுமா, அவ வயிறு தட்டறதுக்கு முன்னாடியே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். வெளியே போங்க என்றார். நான் போகவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். என் கூடவே இருந்திருந்தாலும் நீ நம்பியிருக்க மாட்டாய்.

அந்த வாக்குமூலத்தில் தண்ணீரின் அளவு, விளக்கு எரிந்த நேரம், நான் குத்தாமல் எழுதிய இரண்டு கட்டம், நாலாவது நாள் அக்கா சொல்லலாம் என்றதும் நான் தடுத்ததும், எல்லாம் இருக்கிறது. அக்காவை யாரும் ஒன்றும் செய்யக் கூடாது என்று தனியாகவும் எழுதியிருக்கிறேன். ஃபேன் மோட்டாரைப் பற்றி எழுதினேன், அதைச் சாக்காகச் சொல்லவில்லை, நடந்தது என்பதால் எழுதினேன். நேற்றுப் புது மோட்டார் வந்து மாட்டிவிட்டார்களாம். அக்கா போன் செய்து, இப்ப காத்து நல்லா இழுக்குது, சலிக்கத்தான் மணலே இல்ல, சின்னவளுக்கும் துணி போட்டு மூடிட்டாங்க என்றாள். எனக்கு வீட்டிலேயே இரு என்று தாள் கொடுத்துவிட்டார்கள், அடுத்து என்ன என்று தெரியவில்லை. வாக்குமூலத்தோடு வைக்கச் சான்றிதழை நகல் எடுக்கப் போனேன். ஜெராக்ஸ் கடைக்காரர் பெயரைப் பார்த்துவிட்டு, பொண்ணோடதாம்மா என்று கேட்டார். என்னுது என்றேன். நகலின் அடியில் கையெழுத்துப் போடும்போது முதல் தடவையாகப் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் எழுதினேன். அது இப்படி ஒரு தாளில் போய் உட்காரும் என்று அன்றைக்கு அந்த மேஜையில் உட்கார்ந்து படித்தபோது நினைத்தேனா.

நீ வழியைச் சரியாகத்தான் போட்டாய். உனக்கு வந்த எண் பொய். வெள்ளிக்கிழமை விசாரணையில் உன்னைக் கேட்கும்போது நான் தப்பாக எடை போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லாதே, என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தும் சொல்லாதே. ஷெட்டில் எங்கம்மா இருக்காங்க என்று சொன்னாய் அல்லவா, அதையும் திருத்திச் சொல்லிவிடு. ராஜினாமா எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடு. இதைச் சொன்னதால் பெரியவள் எழுந்து வரப்போவதில்லை, அந்தப் பாறையும் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை, எனக்குத் தெரியும். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. என்னோடு பேச வேண்டும் என்று தோன்றும்வரை அப்பாவுக்கு போன் செய், அவர் வண்டி ஓட்டும் நேரத்தை விட்டுவிட்டுச் செய். வேளைக்குச் சாப்பிடு. செவ்வாய் நேரத்தை விட்டுவிட்டு நம் நேரத்துக்குத் தூங்கப் பழகு. உன் கூட வேலை பார்ப்பவர்களில் யாராவது என்னைத் திட்டினால் சண்டைக்குப் போகாதே, கேட்டுக்கொள்.

எங்கே இருந்தாலும் உன் கண்ணும் கையும் நேராக இருக்கட்டும், நீ போடுகிற அடுத்த வழி கெட்டியான தரையில் போகட்டும். அப்பா தன் பங்குக்கும் ஆசி சொல்லச் சொன்னார், அவர் சொன்னதை அப்படியே எழுதினால் அழுவாய், அதனால் எழுதவில்லை. பையை நாலு மணிக்குக் கட்டிவிடுவார்கள், அப்பா வேனில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வாசலில் நிற்கிறார். இந்த உறையோடு டின்னும் வருகிறது. உள்ளே இருப்பதுதான் உன் பக்கத்துச் சாட்சி, கோபம் தணியாமலே பொறுப்பாளர் அதற்கு முத்திரை வைத்துக் கொடுத்திருக்கிறார். விசாரணையில் அவர்கள் கண் முன்னால் மெதுவாகத் திற, ஓரம் உதிர்கிறது. அழுத கையோடு தொடாதே. தண்ணீர் மட்டும் படாமல் பார்த்துக்கொள்.

உன் அம்மா